கேப்டன் சூறாவளியின் வலது கை

குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆசாமியை வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கக் கூடாது. அழைத்துவிட்டாலும் அவன் கையில் எதையும் கொடுக்கக் கூடாது. இதை அனுபவத்தில் சொல்கிறேன். அந்த ஆசாமி நான்தான்.

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகிற ரோட்டில் ஒரு நூற்பாலை. அங்கே தரப் பரிசோதனைப் பிரிவில் எனக்கு வேலை. நூலில் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு, எங்கே முடிச்சு என்று காலையிலிருந்து லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிற மனுஷனுக்குக் கண் சும்மா இருக்காது. இட்லியின் ஒரு ஓரம் உயர்ந்திருப்பது தெரியும். ஜெபத்துக்கு மண்டியிட்டால் சுவர்க் கடிகாரம் அரை அங்குலம் சாய்ந்திருப்பது தெரியும். (என் மனைவி ஸ்டெல்லா, "ஒருநா ஒங்க கண்ணக் கட்டிப்புட்டுத்தான் சோறு போடப்போறேன்" என்று கல்யாணமான மூன்றாவது மாதமே சொல்லிவிட்டாள்.)

இந்தக் கண்ணுக்கு ஏற்ற பொழுதுபோக்கும் வாய்த்தது. சூப்பர்ஹீரோ ஆக்‌ஷன் ஃபிகர் சேர்ப்பது. கை, கால், கழுத்து எல்லாம் மூட்டு மூட்டாக மடங்கும் பொம்மைகள். குழந்தைகள் விளையாடுவதற்கு அல்ல. வளர்ந்தவர்கள் கண்ணாடி அலமாரியில் வைத்து, குழந்தைகளைக் கிட்டே அண்டவிடாமல் பார்த்துக்கொள்வதற்கு. பெண் பார்க்கப் போன அன்று மாமனார், "மாப்பிள்ளைக்கு வேற பழக்கவழக்கம் ஏதும்?" என்று நாசூக்காகக் கேட்டார். "ஃபிகர் சேர்ப்பேன் மாமா" என்று நான் உண்மையைச் சொன்னேன். அவர் காபித் தம்ளரை வாய்க்கும் மேஜைக்கும் நடுவில் நிறுத்திவிட்டார். அலைபேசியில் படங்களைக் காட்டிய பிறகுதான் தம்ளர் கீழே இறங்கியது. (படங்களைப் பார்த்தபின் அவருடைய கவலை வேறு திசைக்குப் போனது என்பது பின்னால் தெரிந்தது.)

சேர்ப்பதோடு நின்றிருந்தால் நல்லது. நான் மதிப்பிடவும் செய்தேன். வாரம் ஒரு பொம்மையை மேஜையில் நிறுத்தி, அதன் தரத்தை அலசி வீடியோ போடுவேன். ஸ்டெல்லாதான் கேமரா. வெள்ளைப் பருத்திக் கையுறையை ஒவ்வொரு விரலாக நிதானமாக மாட்டிக்கொண்டு, லென்ஸை எடுத்து, முதலில் பெட்டியின் மூலைகளைப் பார்ப்பேன். பிறகு சாயம் கோட்டைத் தாண்டியிருக்கிறதா, அச்சு சேருமிடத்தில் வரி தெரிகிறதா, மூட்டு தொளதொளவென்று ஆடுகிறதா என்று பார்ப்பேன். கடைசியாக முகர்ந்து பார்ப்பேன். போலிக்கு ஒரு மண்ணெண்ணெய் வாடை உண்டு. இதெல்லாம் முடிந்ததும் கேமராவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டு, "மன்னிக்கவும், இது தேறாது" என்பேன். என்னிடம் வந்த பொம்மைகளில் பெரும்பாலானவை தேறவில்லை. என் வீடியோவைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய ஒரு டவுன் பஸ்ஸில் அடங்குவார்கள். ஆனால் அந்த பஸ்ஸில் எங்கள் ஆலையின் பொது மேலாளர் பொன்னுசாமி சாரும் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

பொன்னுசாமி சார் ஒட்டன்சத்திரத்துக்காரர். எல்லாரிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். வேலையை விட்டு அனுப்பும்போதுகூட "போயிட்டு வாங்க" என்பார். அடர்ந்த மீசை. அதன் கீழே வாய் இருப்பது பேசும்போதுதான் தெரியும். அவர் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால் இயந்திரங்களே சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் என்று நாங்கள் நம்பினோம். அப்போது ஆய்வுக்கூடப் பொறுப்பாளர் பதவி காலியாகி, நானும் விண்ணப்பித்திருந்தேன். முடிவு அவர் கையில். அந்த நேரம் பார்த்து ஒருநாள் என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங்க தம்பி, அந்த பொம்மையெல்லாம் பாத்துச் சொல்றது நீங்கதானுங்களே?"

எழுந்து நின்றேன். வேலை நேரத்தில் வீடியோ போட்டதற்கு விசாரணை என்று நினைத்து, "ஞாயித்துக்கிழமைல மட்டுந்தான் சார்" என்றேன்.

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நம்மகிட்டயும் கொஞ்சம் இருக்குதுங்க. ஞாயித்துக்கிழமை சம்சாரத்தக் கூட்டிட்டு வீட்டுக்கு வாங்க. ஒண்ண மட்டும் பாத்துச் சொல்லோணும். பிரியாணி போடச் சொல்லியிருக்கறன்."

அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது நான் ஏற்கெனவே பொறுப்பாளர் ஆகிவிட்டேன். ஸ்டெல்லா மட்டும் அசையவில்லை.

"இங்க பாருங்க. அங்க போயி அவரு எதக் காட்டுனாலும் நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அம்புட்டுத்தான். பெருமூச்செல்லாம் விடக் கூடாது."

"தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்குல்ல ஸ்டெல்லா."

"பொம்மைக்கு என்னாங்க தர்மம்?" என்றாள்.

ஞாயிறு பூசை முடிந்து, பழனி ரோட்டில் இருந்த அவர் வீட்டுக்கு ஸ்கூட்டரில் போனோம். சாரின் மனைவி சரஸ்வதி அக்கா, "வாங்க கண்ணு" என்று ஸ்டெல்லாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். காலை ஐந்து மணிக்கே எழுந்து, தானே கடைக்குப் போய் நின்று கறி வாங்கி வந்ததாகச் சொன்னார். வீடெல்லாம் பட்டையும் புதினாவும் மணத்தது.

கூடத்தில் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே நாற்பது ஐம்பது சூப்பர்ஹீரோக்கள் வரிசையாக, விளக்கு வெளிச்சத்தில். ஆலையில் எங்களை நடுங்கவைக்கும் மனிதர் அதன் முன்னால் பண்டிகைத் துணி எடுக்கப் போன பிள்ளைபோல் நின்றார். நடுத்தட்டிலிருந்து ஒன்றை இரண்டு கையாலும் எடுத்து மேஜையில் நிறுத்தினார்.

கேப்டன் சூறாவளி! ஓர் அடி உயரம். ஆரஞ்சு உடை, வெள்ளித் தலைக்கவசம், முதுகில் சாம்பல் நிற மேலங்கி, ஆகாயத்தைக் குத்துகிற வலது முஷ்டி. குறைந்த எண்ணிக்கையில் மட்டுமே வெளிவந்த பதிப்பு. நான் படத்தில் மட்டுமே பார்த்தது.

"இது ஒரிஜினல்தானுங்களான்னு சொல்லிப் போடுங்க. வீடியோவும் எடுத்துக்கங்க" என்றார் சார்.

ஸ்டெல்லா போனைத் தூக்கிப் பிடித்தாள். போனுக்கு மேலே அவள் கண்கள் 'நல்லாருக்கு, நல்லாருக்கு' என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. நான் கையுறையை ஒவ்வொரு விரலாக மாட்டினேன்.

முதலில் மேலங்கி. லென்ஸ் வைத்த உடனே தெரிந்துவிட்டது. ஆலைத் துணியறிவெல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. "நேயர்களே, கம்பெனி மேலங்கி நைலான். இது ஜாக்கெட்டுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணி. தையலைப் பாருங்கள். வீட்டு மெஷினில் அவசரமாக ஓட்டிய தையல்."

சார் லேசாகக் கனைத்தார். நான் விடவில்லை.

"அடுத்து மீசை. கேப்டனுக்கு மெல்லிசான மீசை. இதற்கு யாரோ தடித்தடியாகக் கறுப்பு அப்பியிருக்கிறார்கள். இந்த மாதிரி மீசையை எந்தக் கம்பெனியும் எந்த நாட்டிலும் வைக்காது." (எதிரே அதே மீசை உட்கார்ந்திருந்தது. லென்ஸ் வழியாகப் பார்க்கிறவனுக்கு லென்ஸுக்கு வெளியே எதுவும் தெரிவதில்லை.)

முகர்ந்து பார்த்தேன். வீடு முழுக்கப் பிரியாணி வாசம். அதையும் மீறி மண்ணெண்ணெய் வாடை அடிப்பதாக என் மூக்கு சாட்சி சொன்னது. பெருமூச்சு விட்டேன்.

"மன்னிக்கவும், இது தேறாது. அப்பட்டமான போலி."

சமையலறை வாசலில் நின்றிருந்த சரஸ்வதி அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அது என்ற ஜாக்கெட்டுத் துணிதானுங்க. போன வருசம் ஃபேன் தொடைக்கறப்ப பொம்மையத் தட்டிவுட்டுட்டனுங்க. மேலங்கி கிழிஞ்சுபோச்சு. இவுரு ரெண்டு நாளு சோறு திங்கல. அதான் நானே தச்சுப் போட்டன். அவசரத் தையலெல்லாம் இல்லீங்க. ராத்திரி பூரா ஒக்காந்து தச்சனுங்க."

"மீசை சாயம் பேந்துபோச்சுங்க தம்பி. அத நாந்தான் வரஞ்சனுங்க" என்றார் சார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "பெட்டி உள்ள இருக்குது. அதுல கம்பெனி முத்திரை, நம்பர் எல்லாம் இருக்குதுங்க. எடுத்தாறன்" என்று எழுந்து அறைக்குள் போனார். அக்கா பக்கத்து வீட்டில் தயிர் வாங்கி வருவதாகச் சொல்லி, என்னைப் பார்க்காமலே வெளியே போனார்.

"சந்தோசமா?" என்றாள் ஸ்டெல்லா.

இந்த இடத்தில் புத்தியுள்ள எவனும் கையுறையைக் கழற்றியிருப்பான். எனக்கோ மானம் போன வேகத்தில் ஒரே ஓர் உண்மையான குறையாவது கிடைத்தால் போதும் என்றிருந்தது. மூட்டு இருக்கிறதே! ஒரிஜினல் என்றால் முழங்கை முழுசாக மடங்க வேண்டும். கேப்டனின் வலது கையைப் பிடித்து மடக்கினேன். பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

டக்.

என் உள்ளங்கையில் கேப்டன் சூறாவளியின் முஷ்டி, முழங்கை வரைக்கும், தனியாகக் கிடந்தது. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும்.

"அய்யோ" என்றாள் ஸ்டெல்லா, போனைத் தாழ்த்தாமலே.

பதற்றப்பட நேரமில்லை. இந்த மாதிரி நேரத்துக்கு வைத்தியம் எனக்குத் தெரியும். கழன்ற பாகத்தைக் கொதிக்கிற தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டால் பிளாஸ்டிக் இளகும். குழிக்குள் வைத்து அழுத்தினால் 'கப்' என்று உட்கார்ந்துவிடும். சமையலறைக்குள் ஓடினேன். தேவன் கைவிடவில்லை, அடுப்பில் ஒரு பக்கம் பெரிய தேக்சாவில் கறி மசாலா வதங்கிக்கொண்டிருந்தது, மறுபக்கம் ஓர் அலுமினியப் பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. முஷ்டியை அதில் போட்டேன்.

அப்போது கூடத்திலிருந்து, "தம்பி, பெட்டி கெடச்சுருச்சுங்க!" என்று சாரின் குரல்.

ஓடிவந்து, கேப்டனைத் திருப்பி, உடைந்த கை தெரியாதபடி மேலங்கியை இழுத்துப் போர்த்தி நிறுத்தினேன். (குளிரில் போர்வை போர்த்தி நிற்கிறவர் மாதிரி இருந்தார்.) சார் பெட்டியின் முத்திரையைக் காட்டினார், நம்பரைக் காட்டினார், வந்து சேர்ந்த தபால் உறையைக்கூடக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் நான், "நல்லாருக்கு சார், ரொம்ப நல்லாருக்கு" என்றேன். ஸ்டெல்லா சொல்லிக்கொடுத்த வார்த்தை ஒரு மணி நேரம் தாமதமாக வந்தது. இரண்டு நிமிடம் என்று நினைத்த பேச்சு எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. நடுவில் அக்கா தயிரோடு திரும்பி உள்ளே போனதை மட்டும் பார்த்தேன்.

ஒருவழியாக, "கை கழுவிட்டு வாரேன் சார்" என்று எழுந்து சமையலறைக்குப் போனேன். அடுப்பின் மறுபக்கம் காலியாக இருந்தது. அலுமினியப் பாத்திரம் தொட்டியில் கவிழ்ந்து கிடந்தது.

"அக்கா, இங்க கொதிச்சுக்கிட்டிருந்த தண்ணி...?"

"அரிசிக்கு அளந்து வெச்ச தண்ணிங்க அது. ஊத்தி, அரிசியும் போட்டு, தம்மும் வெச்சாச்சு" என்று தேக்சாவின் மூடியைப் பெருமையோடு தட்டிக்காட்டினார். "ஒரே ஆவி, கண்ணே தெரியல போங்க. இன்னும் செத்த நேரத்துல எறக்கிரலாம்."

மூடியின் மேல் நெருப்புத் துண்டுகள் இருந்தன. உள்ளே சீரகச் சம்பா, ஒன்றரைக் கிலோ ஆட்டுக்கறி, கேப்டன் சூறாவளியின் வலது கை.

அங்கேயே சொல்லியிருக்கலாம். இன்றுவரை ஸ்டெல்லா கேட்கும் கேள்வி அதுதான். என் வாய் திறந்தது. "வாசனை அருமையா இருக்குக்கா" என்று சொல்லி மூடிக்கொண்டது. பொறுப்பாளர் பதவி கண்முன் ஆடியது. யாருக்கும் தெரியாமல் நானே எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

இலை போட்டதும் கரண்டியைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். "அக்கா, காலைலருந்து கஷ்டப்பட்டிருக்கீங்க. நீங்க உக்காருங்க. இன்னைக்கு நான் பரிமாறுறேன்."

அக்காவின் முகம் இளகியது. "பாருங்க, எத்தன நல்ல புள்ள!" என்றார் சாரிடம். போலி என்று சொன்னதை அந்த நொடியே மன்னித்துவிட்டார் என்று தோன்றியது.

தேக்சாவைக் குடைந்தேன். நூலில் முடிச்சுத் தேடுவது போல ஒவ்வொரு கரண்டியையும் திருப்பிப் பார்த்து வைத்தேன். ஒரு இடத்தில் உருண்டையாக, சுண்டுவிரல் நீளத்துக்கு ஏதோ தட்டுப்பட்டது. பாய்ந்து எடுத்தேன். பட்டை. இன்னொன்று. நெஞ்செலும்பு.

"மேல இருக்கற சோறே போதுமுங்க. எதுக்கு அடியப் போயிக் கொடையறீங்க?" என்றார் சார்.

"அடிலதான் சார் மசாலா நிக்கும்."

"நீங்களும் உக்காருங்க, எல்லாஞ் சேந்து சாப்புடலாம்" என்றார் அக்கா. ஸ்டெல்லா என்னையே பார்த்தாள். என் முகத்தில் அவளுக்கு என்ன தெரிந்ததோ, எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டாள். சார் ஒரு கவளம் உருட்டி, மீசையை ஒதுக்கிக்கொண்டு வாய்க்குக் கொண்டுபோனார். அந்தக் கவளத்துக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அந்தச் சாயம் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்பது மட்டும் திடீரென்று தலைக்குள் அடித்தது.

"சார்! சாப்பிடாதீங்க!"

கவளம் அந்தரத்தில் நின்றது. அக்கா பதறி எழுந்தார். "என்னங்க? பல்லியா? என்ற தேக்சாலயா பல்லி?"

"பல்லி இல்லக்கா. கை."

"கையா? யாரு கை?"

"கேப்டன் கை."

நான் கரண்டியைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மடக்கியது, ஒடிந்தது, கொதித்தது, தம் வைத்தது. சொல்லி முடிக்கும்போது கரண்டி தானாகவே தேக்சாவின் அடியில் எதையோ தட்டியது. தூக்கினேன். சீரகச் சம்பாவுக்கு நடுவிலிருந்து, ஒரு புதினா இலையை அணிந்துகொண்டு, கேப்டனின் முஷ்டி எழுந்து வந்தது.

சார் அதை வாங்கிக்கொண்டு போய்க் குழாயில் கழுவினார். முழங்கைப் பகுதி இளகி, சிறுமலை வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. மேஜையிலிருந்த என் லென்ஸை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேமராவுக்கு முன்னால் எவ்வளவோ ஆய்வு செய்தவன் நான். அப்படி ஒரு நிதானம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

"அத்தன நேரம் தம்முல இருந்தும் சாயம் போகலீங்க தம்பி" என்றார் கடைசியில். "அப்ப ஒரிஜினல்தானுங்களே?"

"ஒரிஜினல்தான் சார்" என்றேன்.

அவர் சிரித்தாரா என்று மீசையால் தெரியவில்லை. அக்கா சிரிக்கவில்லை என்பது நன்றாகவே தெரிந்தது. "பொம்மைக்கு என்னங்க, ஒட்டிக்கலாம். விடியக்காலம் எந்திரிச்சுப் பண்ணின பிரியாணி போச்சே!" என்று கண்கலங்கிவிட்டார். தையலைப் பழித்தபோதுகூடக் கலங்காத கண். அதைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. பிளாஸ்டிக் வெந்த சோறு, மனுஷருக்கும் ஆகாது, நாய்க்கும் ஆகாது. ஒன்றரைக் கிலோ கறியையும் குழி தோண்டிப் புதைத்தோம். தோண்டியது நான். தேக்சாவைத் தேய்த்துக் கழுவியதும் நான். பிறகு நால்வரும் தயிர்ச்சோறும், பிரியாணிக்கென்று வெட்டி வைத்த தயிர் வெங்காயமும் சாப்பிட்டோம். தயிரோடு தயிர்.

திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டு சிக்னலில், ஸ்டெல்லா முதுகுக்குப் பின்னாலிருந்து, "நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை. அம்புட்டுத்தான கேட்டேன்" என்றாள்.

அந்த வருடம் பதவி இன்னொருவருக்குப் போனது. அவர் என்னைவிட மூத்தவர், அது நியாயம்தான் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். இரண்டு வருடம் கழித்து எனக்கும் கிடைத்தது. அதற்குள் விஷயம் எப்படியோ ஆலைக்குள் பரவி, ஷிப்ட் ஆட்கள் நான் நுழைந்தாலே, "ஏலே, கை வாராரு" என்று எச்சரித்துக்கொள்ளும் அளவுக்கு வந்திருந்தது. வீடியோ போடுவதை அன்றோடு நிறுத்திவிட்டேன். கேப்டன் மட்டும் சார் வீட்டு நடுத்தட்டில் அப்படியே இருக்கிறார். வளைந்த கையை வளைந்தபடியே ஒட்டிவிட்டார்கள். முன்பு ஆகாயத்தைக் குத்தியவர் இப்போது தன் பிடரியைச் சொறிந்துகொண்டிருக்கிறார். புதிதாக வருகிறவர்கள் அதுதான் அந்தப் பதிப்பின் விசேஷம் என்று நினைக்கிறார்கள்.

சரஸ்வதி அக்கா எங்களோடு மறுபடி பேச ஒரு மாதம் ஆனது. பேச ஆரம்பித்த பிறகு விடவில்லை. ஸ்டெல்லாவுக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி ஆகிவிட்டார். போன மாதம் எங்கள் மகளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுத்தபோது, வீட்டு விருந்துக்கு அக்காதான் நின்று பிரியாணி போட்டுக்கொடுத்தார். சார் ஓய்வு பெற்றுவிட்டார், மீசை நரைத்திருக்கிறது. பந்தியில் என் சின்னம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சாணார்பட்டியிலிருந்து வந்திருந்த சின்னம்மாவுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "ஆத்தாடி, என்னா ருசி! எல்லாம் இந்தம்மா கைப்பக்குவம்" என்றார்.

சார் இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஆமாங்க. இன்னிக்கு அவ கை மட்டுந்தானுங்க."

பந்தியே சிரித்தது. சின்னம்மா ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தார். ஸ்டெல்லா ஒரு நாற்காலியை அவர் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.